மைக்கில் மன்னிப்புக் கேட்ட மிக்கேலம்மாள் டீச்சர்

மிக்கேலம்மாள் டீச்சர் காலமான செய்தி எங்கள் பள்ளியின் வாட்ஸப் குழுவுக்குக் காலை எட்டேகாலுக்கு வந்தது. அதற்கு மேலே, மாணவிகளின் வருகைப் பதிவை ஒன்பதரைக்குள் முடிக்கும்படி ஒரு சுற்றறிக்கை. கீழே, பத்து நிமிடத்துக்குள் முப்பத்தொரு ஜோடிக் கூப்பிய கைகள். சுற்றறிக்கைக்கு யாரும் பதில் போட்டிருக்கவில்லை. முந்தைய நாள் மாலை ராயகிரிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பேருந்தில் திரும்பும்போது, கடையநல்லூர் தாண்டியதும் அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். தென்காசியில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் ஜன்னலோரம் ஒருவர் இறங்காமல் இருப்பதை நடத்துநர் பார்த்திருக்கிறார். மடியில் பாதி திருத்திய கணக்கு நோட்டுகள்.

எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் குழுவில் எழுதியிருந்தார்: "தாழ்ச்சியின் திருவுருவமாக நம்மிடையே வாழ்ந்த அன்பு ஆசிரியை." டீச்சரை அறியாதவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கன்னியர் நடத்தும் அந்தப் பெண்கள் பள்ளியில் நான் அலுவலக எழுத்தர். பதினேழு ஆண்டுகள் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். தாழ்ச்சி என்ற ஒன்றை அவரிடம் கண்டதில்லை. முன்கோபம் இருந்தது. நான்காவது கட்டடம் வரை கேட்கும் குரல் இருந்தது. தான் நினைத்ததுதான் சரி என்ற பிடிவாதம் இருந்தது. அது சரியில்லை என்று தெரிந்துவிட்டால் அதே பிடிவாதத்தோடு எதிர்த்திசையில் திரும்புகிற கெட்ட பழக்கமும் இருந்தது. நிர்வாகத்தால் தாங்க முடியாமல் போனது அந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான்.

வீடு மேலகரத்தில். கணவர் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆறு மணித் திருப்பலி முடிந்து, முக்காடு போட்ட சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொண்டு, ஸ்கூட்டரில் நேராகப் பள்ளிக்கு வருவார். எங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்கள். அவருக்கு அது திங்கட்கிழமையும் விடாது.

அவர் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு, குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம். அந்த வாரத்தில் எங்கள் ஆசிரியைகளுக்குக் காய்ச்சல் வருவது வழக்கம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய மறுநாள் சரியாக வரும். சாரல் நின்றதும் போய்விடும். விடுப்பு விண்ணப்பங்களை வாங்கி அடுக்குவது என் வேலை. பதினோரு விண்ணப்பங்களில் பத்தில் காய்ச்சல். ஒன்றில், "தங்கை குடும்பத்துடன் ஐந்தருவியில் குளிக்க வேண்டியிருப்பதால்" என்று இருந்தது.

சிஸ்டர் மிக்கேலம்மாள் டீச்சரைக் கூப்பிட்டார். "டீச்சர், காய்ச்சல்னு எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்ல?"

"காய்ச்சல் இல்லியே சிஸ்டர்."

"எல்லாரும் எழுதுறாங்க."

"அவங்களுக்குக் காய்ச்சல் இருக்கும் சிஸ்டர்."

பத்துக் காய்ச்சல்களும் அருவிக்குப் போயின. உடம்புக்கு ஒன்றுமில்லாத டீச்சர் மட்டும் பத்து வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மறுநாள் தலை ஈரமாக வந்தவர்களைப் பார்த்து, "காய்ச்சலோட தலைக்கு ஊத்தக் கூடாதுட்டி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவர் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜெபமாலை மாதமான அக்டோபர். எங்கள் வளாகத்தில் ஒரு மாதா கெபி, குகை போலக் கட்டி மாதா சிலை வைத்த இடம், உண்டு. அந்த மாதம் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜெபமாலை கொண்டுவந்து மாதா கழுத்திலும் கையிலும் போடுவார்கள். இந்துப் பிள்ளைகளும் போடுவார்கள். கெபியைக் கூட்டித் துடைத்துப் பூ வைப்பவரும் இந்துதான், எங்கள் வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி.

ஒரு நாள் கைப்பேசி இருக்கிறதா என்று பைகளைச் சோதித்தபோது, ஒன்பதாம் வகுப்பு இந்து மாணவி ஒருத்தியின் பையில் டீச்சருக்கு ஒரு ஜெபமாலை கிடைத்தது. நீல மணி, வெள்ளிச் சிலுவை. மாதா கழுத்தில் முந்தைய நாள் அவரே பார்த்தது.

"இது எங்கன கெடந்தது?"

"மாதா கழுத்துல, டீச்சர்."

அதற்கு மேல் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. டீச்சரும் பொறுக்கவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தொள்ளாயிரம் பிள்ளைகள் முன்னால், மைக்கில் அவள் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் தகப்பன் பெயரையும் சொல்லி, "மாதா கழுத்துல இருந்தே களவாண்ட பிள்ள" என்றார். மூன்றாம் நாள் நிர்வாகம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. பள்ளியின் நற்பெயர் காக்கப்பட்டது.

மாற்றுச் சான்றிதழ் இப்போது கணினியில் வந்துவிடுகிறது. நன்னடத்தைச் சான்றிதழை இன்னும் நான்தான் கையால் எழுதுகிறேன். அதில் 'நடத்தை' என்று ஒரு கட்டம். எல்லாருக்கும் 'நன்று' என்றே எழுதிவருகிறேன். ஆய்வகத்தில் அமிலம் கொட்டியவளுக்கும் நன்று, சிஸ்டர் காரில் ஆணியால் கோலம் போட்டவளுக்கும் நன்று. ஒன்றும் எழுதாமல் கோடு போட்டால், 'இந்தப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்' என்று இந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் தெரியும். "கோடு போட்டுருங்க சார்" என்றார் சிஸ்டர். போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டேன். கோணல் கோடு எனக்குப் பிடிக்காது.

சுடலைமுத்து அண்ணாச்சி பைச் சோதனைக்கு முந்தைய நாள் மாலையே ஒரு வார விடுப்பில் போயிருந்தார். சுந்தரபாண்டியபுரத்தில் மகள் கல்யாணம். திரும்பி வந்தவரிடம் யாரோ கதையைச் சொல்ல, மனிதர் கணக்கு வகுப்பு வாசலிலேயே போய் நின்றார்.

"டீச்சர், அந்தப் பிள்ள களவாங்கல. நாந்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் குடுத்தேன். அவ அம்மைக்கு ஆப்பரேசன், பெரியாஸ்பத்திரில கெடந்தா. தலமாட்டுல வைக்கணும்னு அழுதா. அம்மன் கழுத்து மாலைய எடுத்துக் குடுக்க மாட்டாவளா, அந்த மாதிரின்னு நெனச்சிட்டேன்."

"அவ ஏன் அண்ணாச்சி அத சொல்லல?"

"எம் வேல போயிரும்னு பயந்திருப்பா டீச்சர்."

பிறர் பழியைச் சுமந்து வாய் திறக்காமல் நிற்பதைப் பற்றி நாங்கள் ஆண்டுதோறும் தவக்காலம் நாற்பது நாளும் பாடம் நடத்துகிறோம். அதைச் செய்துகாட்டிய ஒரே பிள்ளைக்கு டி.சி. கொடுத்திருந்தோம்.

டீச்சர் அந்த மணி வகுப்பை முடித்து, ஸ்கூட்டரில் எங்கோ போய்விட்டுத்தான் அலுவலகம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. சிஸ்டரிடம் அவர் கேட்டது இரண்டு. அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்க்க வேண்டும்; நாளைக் காலை தனக்கு மைக் வேண்டும்.

சிஸ்டர் அன்பாகவே பேசினார். "மனசு உறுத்துதுன்னா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க டீச்சர். அதுக்குத்தானே அது இருக்கு?"

"பண்ணிட்டேன் சிஸ்டர், இப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். மைக்குல சொன்னத மைக்குல போயி திருப்பி எடுங்கன்னுட்டாரு. அதுதான் எனக்குக் குடுத்த அபராதம்."

"எந்தச் சாமியார்?" என்று கேட்டார் சிஸ்டர். பெயரைக் குறித்துக்கொள்ளும் குரல். பிறகு அவரே தொடர்ந்தார்:

"பிள்ளைங்க முன்னாடி டீச்சர் மன்னிப்புக் கேட்டா நாளைக்கு யார் மதிப்பாங்க? தனியா அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. பழம் வாங்கிட்டுப் போங்க."

"தொள்ளாயிரம் பேரு முன்னால அறைஞ்சிட்டு, வீட்டுல போயி தடவிக் குடுக்கச் சொல்லுதீய சிஸ்டர்."

மறுநாள் யாரும் கொடுக்காமலேயே மைக்கை எடுத்தார். "நான் ஒரு பிள்ளையைக் கள்ளி என்றேன். அவள் திருடவில்லை. பாவம் செய்தது நான்" என்றது வரை எல்லாருக்கும் கேட்டது. பெயரைச் சொல்வதற்குள் மைக் நின்றுவிட்டது. டீச்சருக்கு மைக் தேவையில்லை என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். சிஸ்டர் கை காட்ட, பாடல் குழு பள்ளிக் கீதத்தைத் தொடங்கிவிட்டது. டீச்சர் கத்திக்கொண்டே இருந்தார். முன் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் பெயர் கேட்டிருக்கலாம். திருப்பலியில் வாரந்தோறும் மார்பில் தட்டிக்கொண்டு பாவத்தை ஒப்புக்கொள்கிறவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அங்கே என்ன பாவம், யாருக்குச் செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அத்தனை சுருதி சுத்தமாகச் சொல்ல முடிகிறது.

பத்து நாளில் அவருக்கு ராயகிரிப் பக்கம், இதே கன்னியரின் இன்னொரு பள்ளிக்கு மாறுதல் வந்தது. "நிர்வாக நலன் கருதி" என்று இருந்தது. தட்டச்சு செய்தது நான்தான். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். விடைபெற வந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தம்பி, அந்தக் கோடு நீங்க போட்டதாமே?"

"சிஸ்டர் சொன்னாவ, டீச்சர்."

"நான் யாரும் சொல்லாமலே செஞ்சேன். உங்களுக்கு அந்த வசதியாவது இருக்கு" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணை இரண்டு பள்ளிகள் சேர்க்கவில்லை. கோட்டைப் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது. அதற்குள் அவள் தாய் பிழைத்து வந்திருந்தாள், வேலைக்குப் போகும் பலம் மட்டும் வரவில்லை. மகள் துணிக்கடையில் நின்றாள். சனிக்கிழமைதோறும் டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போனார். முதல் நான்கு சனிக்கிழமை அவள் தகப்பன் வாசலிலேயே நிறுத்தினார். "களவாணி வீட்டுல ஒங்களுக்கு என்ன சோலி?" என்று கேட்டாராம். ஐந்தாவது சனிக்கிழமை உள்ளே விட்டார்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி அவள் தேறினாள். கணக்கில் மட்டும் தொண்ணூற்றுக்கு மேல். அடுத்து நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர, கடைசியாகப் படித்த பள்ளியின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள்.

அதிலிருந்து மாதம் தவறாமல் டீச்சர் ஒரு மனுவோடு வருவார். கோட்டை எடுத்து 'நன்று' என்று எழுதித் தர வேண்டும். சிஸ்டரின் பதில் மாறியதே இல்லை. "கோடு போட்டா கெட்ட பிள்ளைன்னு நாங்க எங்கயாவது எழுதியிருக்கோமா டீச்சர்? ஒண்ணும் எழுதல, அவ்வளவுதான். இப்ப மாத்தினா, அப்ப தப்புப் பண்ணினோம்னு ஆயிடும்."

"பண்ணினோம்லா சிஸ்டர்?"

"ஜெபம் பண்ணிக்கிறேன் டீச்சர்."

அடக்கத்துக்குப் பள்ளி முழுவதும் வந்திருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் பெரிய ஃபிளக்ஸ். டீச்சர் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த ஒரே புகைப்படத்தை எங்கே தேடிப் பிடித்தார்களோ தெரியாது. சிஸ்டர் மைக்கில் பேசினார். அன்று மைக் நன்றாக வேலை செய்தது. "ஒருமுறை, ஒரு பிள்ளையிடம், பள்ளி முழுவதும் பார்க்க மன்னிப்புக் கேட்ட மாமனிதர் அவர். அந்தத் தாழ்ச்சி நம் நிறுவனம் தந்த பயிற்சி" என்றார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் மண் போட்டு முடித்த பிறகு, துணிக்கடைச் சீருடையில் ஒரு பெண் வந்து இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், சிஸ்டர் சொன்ன அந்த 'ஒரு பிள்ள' நாந்தான?"

"ஆமாம்மா."

"மைக்குலயே ஒத்துக்கிட்டாவல்லா. அப்போ அந்தக் கோட்ட எடுத்துருவாவளா? வார மாசத்தோட அட்மிசன் முடியுது."

அவளையும் அழைத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "இன்னைக்குப் போய் ஆபீஸ் விஷயமா சார்? துக்கம்னு ஒண்ணு இருக்கில்லையா?" பிறகு அவளைப் பார்த்து, "நம்ம பழைய மாணவியா?" என்று கனிவாக விசாரித்தார்.

"ஆமா சிஸ்டர். நீங்க அனுப்பிவிட்ட மாணவி."

சிஸ்டருக்கு வேறு யாரோ வணக்கம் சொன்னார்கள். நாங்கள் விலகினோம்.

"டீச்சரப் பத்தி எழுதப் போறியளாம்லா சார்? வாட்ச்மேன் அண்ணாச்சி சொன்னாவ."

"எழுதுதேன். ஒம் பேரு வராது, பயப்படாத."

அவள் நின்றுவிட்டாள். "ஏன் சார் வராது? களவாணின்னு சொல்லும்போது எங்க அப்பா பேரோட சேத்துல்லா சொன்னாவ. இல்லன்னு சொல்லும்போது மட்டும் 'ஒரு பிள்ள'யா?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மண்ணைக்கூடத் தட்டாமல், பேருந்துக்கு ஓடினாள்.

டீச்சர், அந்தக் கோட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். போடவும்தான் அதிகாரம் இருக்கவில்லை, போட்டேன். 'நன்று' என்று எழுதிய புதுச் சான்றிதழைத் திங்கட்கிழமை சிஸ்டரின் மேசையில் வைப்பேன். கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர் பாடு. அதற்கு முன், அன்று கீதத்தில் அமுங்கிப்போன உங்கள் வாக்கியத்தை இங்கே முடித்துவைக்கிறேன்: ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, மாரிச்சாமி மகள் இசக்கிசெல்வி திருடவில்லை. திருடினாள் என்று சொன்னவர் நீங்கள். கோடு போட்டவன் நான். நீங்கள் உங்கள் பங்கைச் செலுத்திவிட்டீர்கள். போய் வாருங்கள்.