சில்லென்றிருந்த லாரி

டிரைவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஓட்ட, என் கணவர் செஞ்சியில் பழைய லாரி தேடினார். உடன் வந்த மெக்கானிக், நரைத்த மீசைக்காரர். எந்த வண்டியிலும் முதலில் என்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார்.

புதுப் பெயிண்ட் அடித்த ஒன்று எங்களுக்குப் பிடித்துவிட்டது.

"சூடா இருக்குதும்மா. நாம வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. காலையில மக்கர் பண்ற வண்டி."

"இப்ப நல்லாத்தானே ஓடுதுண்ணா?"

"நாளைக்கு லோடோட நின்னா யாரு தள்றது, நீயா?"

பெயிண்ட் உரிந்த இன்னொன்றைத் தொட்டார். "சில்லுனு இருக்குது. இப்ப சாவியப் போடு." உடனே கிளம்பியது. அதையே வாங்கினோம்.

இன்றும் விடியலில் கணவர் சாவியைத் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வண்டி கிளம்பியதும் அந்த மெக்கானிக்கை நினைத்துக்கொண்டே உள்ளே போய், தூங்கும் மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைக்கிறேன். காய்ச்சல் இல்லை, சில்லென்றிருக்கிறது.