பழைய ஜாரும் நனைந்த நெல்லும்

"சார், டோக்கன் வரலைன்னு வாட்ச்மேன் சொல்றாரு. வானம் கருத்துக்கிட்டு வருது. ஏதாவது பண்ணுங்க."

போனில் பேசியவர் செல்வராணி. குத்தகை நிலத்தில் விளைந்த நெல்லை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஓர் அரிசி ஆலை வாசலில் நின்றிருந்தார். ஆலையில் நெல்லின் ஈரப்பதத்தை அளந்து எங்கள் வெப் சர்வீஸுக்கு அனுப்புவார்கள். அது டோக்கன் கொடுத்தால்தான் கேட் திறக்கும். அவருடைய நெல் தேறிவிட்டது, எங்கள் சர்வீஸ்தான் படுத்துவிட்டது. கும்பகோணம் அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பு நான். கேட்டில் ஒட்டியிருந்த உதவி எண்ணும் என்னுடையதுதான்.

அன்று காலைதான் புதிய பதிப்பை, ஜாவா நிரலின் கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய ஜார் ஃபைலாக, சர்வரின் லிப் ஃபோல்டரில் ஏற்றியிருந்தேன். சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்தால், நிரல் கூப்பிட்ட மெத்தட் டோக்கன் போடும் கிளாஸில் இல்லை என்று எரர். என் மெஷினில் அதே மெத்தட் இருக்கிறது, ஓடுகிறது! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சர்வீஸை ஓட்டும் டாம்கேட்டை நிறுத்தினேன், ஏற்றினேன், மறுபடி நிறுத்தினேன்.

பக்கத்து மேசை நஸ்ரின் எட்டிப் பார்த்தார்.

"சார், லிப் ஃபோல்டர்ல பழைய ஜார் இருக்கா?"

"இருந்தா என்னங்க? அது பாட்டுக்குக் கிடக்குது. வேலையப் பாருங்க!"

சர்வரில் எதையும் அழிக்கக் கூடாது என்பது என் உத்தரவு. முன்பு ஒருவர் தேவையான ஃபைலை அழித்து வைத்ததிலிருந்து அப்படி. சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்.

செல்வராணி இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். நானும் எதை எதையோ மாற்றிப் பார்த்தேன். கடைசியில் நஸ்ரின் என்னைக் கேட்காமலே வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனைப் போட்டு டாம்கேட்டை ஏற்றினார். அதைப் போட்டால் எந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வருகிறது என்று ஜாவாவே சொல்லிவிடும். எங்கள் கிளாஸ் பழைய ஜாரிலிருந்து வந்திருந்தது.

அதுவரை ஜாரின் பெயர் மாறியதில்லை, புதியதை வைத்தால் பழையதன் மேலேயே விழும். இந்த முறை பெயரோடு பதிப்பு எண் சேர்ந்ததால் இரண்டும் அருகருகே கிடந்தன. டாம்கேட் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது.

பழையதை நீக்கியதும் டோக்கன் வந்தது. ஆசையாக செல்வராணியைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம். காற்றில் தார்ப்பாய் கிழிந்து நெல் நனைந்துவிட்டது, மறுபடி அளந்து திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"காலையில என் நெல்லு சரியாத்தானே இருந்துச்சு சார்?"

"சரியாத்தாங்க இருந்துச்சு. தப்பு என்னோடது."

"அதை இவங்ககிட்ட சொல்லுங்க. காய வைக்காம கொண்டாந்துட்டேன்னு பேசுறாங்க."

ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஆலை மேனேஜரும் வரிசையில் நின்றவர்களும் கேட்கும்படி அதையே சொன்னேன். வெட்கமாக இருந்தது. பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: புதிய ஜாரை வைக்கும் முன் பழையதை வெளியே எடுங்கள். ஊகிக்காதீர்கள், ஜாவாவையே கேளுங்கள். அதற்கும் முன்னால் பக்கத்து மேசை சொல்வதைக் கேளுங்கள். நஸ்ரின் கேட்ட கேள்விக்கும் நான் பழைய ஜாரை எடுத்ததற்கும் இடையே நாற்பது நிமிடம். மழை அந்த நாற்பது நிமிடத்தில்தான் வந்தது.