கால் வெயிட்டிங்கை நிறுத்திய மதியம்

அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக ஆசிரியர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரே போன் லைன்தான். கம்ப்யூட்டரின் மோடமும் அதில்தான். இன்டர்நெட் ஓடினால் போன் பேச முடியாது.

அப்போது என் அண்ணன் கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நிலத் தகராறில் நாங்கள் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. "அவரா கூப்புட்டா பேசுறேன்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்ப உட்கார்ந்தேன். மோடம் கீச்சிடும், இரையும், இணைப்பு வரும். பாதி போனதும் அறுந்துவிடும். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேகத்தைக் குறைத்தேன். மழை ஈரமோ என்று சுவரிலிருந்த போன் பெட்டியைத் திறந்து துடைத்தேன். மறுபடியும் அறுந்தது.

"அந்தப் பொட்டிகூடவே குடித்தனம் பண்ணுங்க," என்றாள் மனைவி. "கடலூர்லேர்ந்து போன் வந்தா?"

"வந்தா தெரியும்."

தெரியத்தான் செய்தது. இன்னொருவர் கூப்பிட்டால் லைனில் சின்னதாக ஒரு பீப் வரும். அதை மோடம் தாங்காது. அறுந்ததற்கெல்லாம் காரணம் அதுதான் என்று புரிந்ததும், கால் வெயிட்டிங்கை நிறுத்தும் எண்ணைப் போனில் அழுத்தினேன். மார்க் கேட்டு மாணவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இணைப்பு அறவில்லை. கட்டுரை போய்ச் சேர்ந்தது. காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் தங்கையின் கணவர் பஸ் பிடித்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்னா மச்சான், உங்க போனுக்கு என்னா ஆச்சி? பெரிய மச்சான் நம்பரப் போடு, போடுன்னு உசுர வாங்கிட்டாரு. மொதல்ல ரிங்கு போச்சி, யாரும் எடுக்கல. அப்புறம் ஒரே எங்கேஜ்டு. 'தம்பி எடுத்தானா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு... கேட்டுக்கினே போய்ட்டாரு."

"மழையில லைன் கோளாறு மாப்ள" என்றேன்.

மனைவி எனக்குப் பின்னால்தான் நின்றாள். தான் போய்ச் சேரும்வரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த மோடமும் இல்லை, லைனும் இல்லை. செல்போனில் பேசும்போது நடுவில் அதே பீப் கேட்கிறது. பேசிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் வைத்துவிட்டு அதை எடுக்கிறேன். பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கம் மனை வேண்டுமா என்று கேட்கும் ஒரு பெண். அவள் பேசி முடிக்கும்வரை நான் வைப்பதில்லை.