இடது பக்கம் கம்மி

ஆஞ்சப்பன் ஹெட்போனை முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். வயரின் ரப்பர் வாசனையை ஆழ இழுத்துவிட்டு, "ஆறு மாசத்துல வெடிச்சிரும்மா இது" என்று ஜாதகம் கணிப்பார். அடுத்து, போனில் செருகும் பின்னோடு வயர் சேரும் இடத்தை இருபது தடவை மடக்குவார். எண்ணி இருபது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து, வயரின் தடிமன் அளக்க வெர்னியர் வெளியே வரும். ஹெட்போன் வாங்க வெர்னியரோடு வருகிறவர் பாகலூர் ரோட்டில் இவர் ஒருவர்தான் என்று அந்தக் கடையில் வேலை பார்க்கும் அருணா எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வாள்.

இது ஐந்தாவது ஞாயிறு. பட்ஜெட் ஐந்நூறு ரூபாய். எதிர்பார்ப்பு மட்டும் ஐம்பதாயிரத்துக்கு. புளூடூத் என்று வாயெடுத்தால், "வயரே இல்லாம வர்ற சத்தத்துக்கு யாரு பொறுப்பு?" என்பார். பாட்டில் டும்மென்ற அடி தூக்கலாக இருந்தால் அது டிராக்டர். கீச்சென்றால் கொசு. பக்கத்தில் யாராவது விளக்கு மின்னும் ஹெட்போனைக் கையில் எடுத்துவிடக் கூடாது. "காதுல மாட்றதா, மாரியம்மன் பண்டிகைக்குக் கட்றதா?" என்று விசாரிப்பார். அவர்கள் அதை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடையின் வியாபாரத்துக்கு அவர் செய்து வரும் கைங்கரியம் இது.

அவர் பிழைப்பே காதில்தான். சிப்காட்டில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசி மேசை அவருடையது. ஓடுகிற கியர்பாக்ஸின் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை இடது காதில் ஒட்டிக் கேட்பார். வலது கையில் மார்க்கர். பல் உரசினால் சிவப்புப் புள்ளி, உரசாவிட்டால் பச்சை. இருபத்திரண்டு வருஷமாக அதே காது. "மிஷினு பொய் சொல்லும், இது சொல்லாது" என்று இடது காதைச் சுண்டிக் காட்டுவார். போன மாதம் பச்சைப் புள்ளி வைத்த இரண்டு பெட்டிகள் வாடிக்கையாளரிடமிருந்து உரசல் சத்தத்தோடு திரும்பி வந்தன. லாரியில் குலுங்கியிருக்கும் என்று அவரே விசாரித்து அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை கம்பெனியில் காது டெஸ்ட். தேறாதவர்கள் பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும். "எனக்கா? அந்த டாக்டருக்கே நாந்தாம்மா டெஸ்ட் வெக்கணும்."

புதிதாகச் சேரும் டிரெய்னிகளுக்கு அவர் நடத்தும் பாடம் அருணாவுக்கும் தலைகீழாகத் தெரியும். கடையில் கூட்டமில்லாதபோது அவளுக்கும் நடத்துவார்: "ஒரு பீஸு ரிஜெக்ட் ஆனா பீஸுல கோளாறு. வரிசையா எல்லாமே ஒரே மாதிரி ரிஜெக்ட் ஆனா பீஸ நோண்டாத. அளக்கற கேஜ எடுத்துப் பாரு."

இன்று எட்டாவது ஹெட்போன். முகர்ந்தார், மடக்கினார், அளந்தார். தன் பழைய போனில் செருகிக் கண்ணை மூடிக் கேட்டார். கழற்றினார்.

"எடது பக்கம் கம்மி."

முந்தைய ஏழும் அவர் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியில் கிடந்தன. அருணா அதை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"எட்டுமே எடது பக்கந்தானாண்ணா?"

"எட்டுமேதான்."

"எட்டும் வேற வேற கம்பெனிண்ணா."

"ஸ்டிக்கருதாம்மா வேற. எல்லாம் ஒரே அடுப்புல வெந்தது."

"அப்ப வரிசையா எட்டு ரிஜெக்ட் ஆனா எதப் பாக்கணும்? நீங்கதான் சொல்லுங்க."

அவருடைய போனைத்தான் அவள் கிண்டல் செய்தாள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. "போனு நல்ல போனும்மா" என்றவர், சந்தேகம் தீர அவள் போனை வாங்கி அதில் செருகிக் கேட்டார். கம்மி. பிறகு, வேலை பழகிய கை தானாகச் செய்வதுபோல, ஹெட்போனைத் திருப்பி இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டினார்.

சற்று முன் கம்மியாக இருந்த பக்கம் இப்போது கணீரென்று பாடியது. நன்றாக இருந்த பக்கம் அமுங்கிப் போயிற்று.

மறுபடி திருப்பினார். இன்னொரு முறை. பாட்டு முடிந்த பிறகும் கழற்றவில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்ட அடுத்த கிண்டலை விழுங்கிக்கொண்டு, சிக்கே இல்லாத ஒரு வயரில் அருணா சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓகேம்மா. பில் போட்டுரு."

ஐந்து வாரத்தில் முதல் முறையாக அவர் பேரம் பேசவில்லை. பையிலிருந்து பச்சை மார்க்கரை எடுத்தார். வாங்கிய ஹெட்போனில் ஒரு புள்ளி வைத்தார். அட்டைப்பெட்டியை இழுத்து, தான் ஒதுக்கிய ஏழிலும் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளி வைத்தார். மூடியை அழுத்தி மூடினார்.

"மார்க்கர் இங்கியே இருக்கட்டும்மா. வெள்ளிக்கெழம டெஸ்ட் முடியட்டும்" என்று, அதை ஒற்றை விரலால் அவள் பக்கம் தள்ளினார்.