ஐம்பத்தெட்டு வயதில் கஸ்தூரி மஞ்சள்

இன்று மாலை மயிலாப்பூர் குளத்தருகே உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஐம்பத்தெட்டு வயதில் முகம் வறண்டு கோடு விழுந்திருக்கிறது.

கடைக்காரர் பார்த்தவுடனே சொன்னார்: “தோலு காஞ்சு கீதும்மா. கடலை மாவு வோணாம், இன்னும் இழுக்கும். அதிமதுரம், கஸ்தூரி மஞ்சள் ரெண்டையும் பாலாடையில கொழச்சுப் பூசு.”

“ரெண்டும் நூறு கிராம் போடுங்கோ” என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். “நோக்கு எதுக்குடி மஞ்சள்? அவன் போய் ரெண்டு வருஷம்கூட ஆகலை.”

என் கணவரின் அக்கா. கடையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வழக்கமாக நான் தலைகுனிந்து வந்துவிடுவேன். இன்று முடியவில்லை.

“அவர்தான் போனார், அக்கா. என் மூஞ்சி இங்கதானே இருக்கு? நான்தானே பாத்துக்கணும்?” என்றேன். பிறகு கடைக்காரரிடம், “மஞ்சளை இருநூறாப் போடுங்கோ.”

அக்கா விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. மஞ்சள் பூசிய முகத்தோடு முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது வறண்ட தோல் இருந்தால் எழுதுங்கள். வீம்புக்கு வாங்கியதில் நூறு கிராம் அதிகமாகவே இருக்கிறது.