ரன் அவுட்டில் சிதறிய குடும்பப் பெயர்

கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் ஒரு மர்க்கர்செட் இருக்கிறான் என்ற வதந்தி மீன் வண்டியில் வந்து இறங்கியது.

நெதர்கில் கிராமத்தில் யாரும் நம்பவில்லை. மர்க்கர்செட் என்பது யார்க்‌ஷயரின் அந்த ஒரு பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மார்ச்சளி பிடித்துச் சாகிற குடும்பப் பெயர். அது வெளியே போன சரித்திரமே கிடையாது என்பது ஊர்க் கட்சி. வைக்கிங் தலைவன் ஒருவன் கோடரியோடு வந்து நிறுவிய குலம் என்றும் சொல்லிக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் கப்பலில் வந்தவன் கடற்கரையை விட்டுவிட்டு ஏன் மலை ஏறினான் என்று கேட்டால் பேச்சு மழைக்கு மாறிவிடும்.

"சத்தியமாப் பார்த்தேன் கண்ணு" என்றார் மீன் வண்டி ஓட்டும் மிக். "கார் ஓட்டக் கத்துக்குடுக்கிற ஆளு. கார் கூரை மேல பலகை வச்சு அதே பேரை எழுதியிருக்கான். விளக்குக் கம்பம் உசரம். லீவு நாள்ல கிளப்புல வேகமாப் பந்து வேற போடுறானாம்."

லோர்னா மர்க்கர்செட் கையிலிருந்த ஹாடக் மீனைக் கீழே வைத்தாள். கணவன் பெட்டியோடு வாசலில் நின்று "நான் போறேன்" என்று சொன்ன அன்றுகூட அவள் மீனைக் கீழே வைத்ததில்லை.

லோர்னா நடத்துவது மீன் வறுவல் கடை. அப்பா இறந்தபோது இருபத்து மூன்று வயதில் எண்ணெய்ச் சட்டி முன்னால் வந்து நின்றவள், ஐம்பத்தெட்டிலும் அங்கேதான் நிற்கிறாள். நடுவில் ஹாரோகேட்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தலைமுடியில் எண்ணெய் வாசனை அடிக்கிறது என்று அவர் இரண்டு குளிர்காலம் சொல்லிப் பார்த்தார், பிறகு போய்விட்டார். வாசனையை வைத்துக்கொண்டு, பிறந்த வீட்டுப் பெயரையும் லோர்னா திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் மர்க்கர்செட் வம்சம் முழுவதும் விளங்கிவிடும். வியாழக்கிழமை வறுவல் வாங்க வருகிறவர்கள் மேட்டுப் பண்ணை மர்க்கர்செட்டுகள். வெள்ளிக்கிழமை பாலத்தடி மர்க்கர்செட்டுகள். சனிக்கிழமை ஆலைத் தெருக்காரர்கள். லோர்னா அவர்களில் ஒருத்தி. ஒரு கிழமைக்காரர் இன்னொரு கிழமைக்காரரோடு பேசுவதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்த்து "மழை வரும்போல" என்று பொதுவில் சொல்லிவிட்டு நடப்பார்கள். அது பேச்சில் சேராது. ஊரார் அவர்களை வியாழன்கள், வெள்ளிகள், சனிகள் என்றே அழைத்தார்கள். ஒருமுறை வெள்ளிக்கார டெரிக் கிழமையை மறந்து வியாழனன்று வந்துவிட்டபோது, யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்களா என்று நாலு பேர் வந்து விசாரித்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் வருஷத்தில் ஒரே ஒருநாள் ஒன்றாக நின்றாக வேண்டும். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, கடைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் மர்க்கர்செட்டுகள் ஒரு அணி, ஊரின் மற்ற பேரெல்லாம் ஒரு அணி. மைதானம் பிரபு குடும்பத்து எஸ்டேட்டுக்குச் சொந்தம். பழைய பிரபு ஒருவர், சாப்பாட்டுக்குப் பின் நல்ல மனநிலையில் இருந்தபோது, ஒரு நிபந்தனையோடு அதை ஊருக்கு விளையாட விட்டிருந்தார்: முதல் பந்து விழும்போது மர்க்கர்செட் என்ற பெயருடைய பதினொரு பேர் அதில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் நிலம் எஸ்டேட்டுக்கே திரும்பிவிடும்.

ஆண்கள் குறைந்தபோது பெண்களைச் சேர்த்தார்கள். போன வருஷம் பதினொன்றாவது ஆளாக நின்ற எர்னி உண்மையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தாலும் நின்றதாகவே கொள்ளலாம் என்று எஸ்டேட் பெருந்தன்மை காட்டியது. குளிர்காலத்தில் எர்னி காலமானார். இப்போது வியாழன், வெள்ளி, சனி எல்லாம் கூட்டினால் பத்து. எந்தக் கிழமைக்காரரும் இன்னொரு கிழமைக்காரரின் கீழ் ஆட மாட்டேன் என்றதால், வாரம் முழுக்க எல்லோருக்கும் பொட்டலம் கட்டித் தருகிற லோர்னாதான் கேப்டன். ஆகவே மைதானம் போனால் அது லோர்னா தொலைத்த மைதானம் ஆகும். எஸ்டேட்டின் இளம் மேலாளர் பியர்ஸ், சுற்றுலாக்காரர்களுக்குச் சுடுதண்ணீர்த் தொட்டி வைத்த மரக்குடில்கள் எத்தனை பிடிக்கும் என்று ஏற்கெனவே நாடாவால் அளந்துவிட்டுப் போயிருந்தான். முதல் தொட்டி அவள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே.

வதந்தியைச் சரிபார்க்க, கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை லோர்னா கிரிம்ஸ்பிக்குப் போனாள். ட்ரெவர் என்ற அந்த மனிதரைத் தனியாகப் பிடிக்க வேறு வழி தெரியாமல், இத்தனை வருஷமாக வேன் ஓட்டுகிறவள் ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பதிவு செய்திருந்தாள்.

"கண்ணாடியப் பார்த்தீங்களா? சரி, மெதுவா எடுங்க" என்றார் ட்ரெவர். ஐம்பது வயது, முழங்கால்கள் தாடை வரை மடங்கியிருந்தன. "நல்லாவே ஓட்டுறீங்களே. உங்க பேரு என்ன?"

"லோர்னா மர்க்கர்செட்."

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. மிதித்தது லோர்னா அல்ல. சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

"நெதர்கில்லா?"

"ஆமா."

"இறங்குங்க."

"இது நடுரோடு, ட்ரெவர்."

பின்னால் ஹாரன் சத்தம் கூடியதால், ஓரமாக நிறுத்திப் பேச அவர் சம்மதித்தார்.

"எங்க தாத்தா ஆர்ச்சி, உங்க ஊரு மைதானத்துல நாப்பத்தொம்பது அடிச்சு நின்னாரு. எதிர்ப்பக்கம் கூடப் பொறந்த தம்பி க்ளெம். 'வா'ன்னு கூப்பிட்டான். தாத்தா பாதி தூரம் போயிட்டாரு. அவன் பேட்டை மேல சாஞ்சுக்கிட்டு 'வேணாம்'ங்கிறான். தாத்தா அவுட்டாகி நேரா நடந்தாரு பாருங்க, மைதானத்தத் தாண்டி, ஊரத் தாண்டி, காலுல கட்டுன பேடோடயே ரயில் ஏறிட்டாரு. தண்டவாளம் முடியிற இடத்துல இறங்குனாரு. அதான் இந்த ஊரு. அன்னைலேர்ந்து எங்க வீட்டுல யாரும் யாரு கூப்பிட்டும் எங்கயும் போறதில்ல."

லோர்னாவுக்குக் கடைச் சுவரில் இருக்கும் படம் நினைவுக்கு வந்தது. சில வருஷங்களுக்கு முன் லீட்ஸிலிருந்து குடும்பப் பெயர்களை ஆராய்கிற அம்மாள் ஒருவர் கடைக்கு வந்து, மர்க்கர்செட்டுகள் எங்கெங்கே இருந்தார்கள் என்று புள்ளி வைத்த உலகப்படம் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருந்தார். வினிகர் புட்டிகளுக்கு மேல் அதை ஒட்டி வைத்திருந்தாள். பள்ளத்தாக்கில் அம்மை போட்டதுபோல் புள்ளிகள். அப்புறம் டாஸ்மேனியாவில் ஒன்று, கனடாவில் ஒன்று. வேலை தேடிப் போயிருப்பார்கள் என்று எல்லோரையும்போல அவளும் நினைத்திருந்தாள். ஊர் திரும்பி, வாய் கொடுக்கிற கிழங்களிடமெல்லாம் கேட்டாள். டாஸ்மேனியாக்காரர், மைத்துனர் கோட்டைவிட்ட ஒரு கேட்சால் தோற்றுப்போய்க் கப்பல் ஏறியவர். கனடாக்காரருக்கு எல்பிடபிள்யூ கொடுத்த நடுவர் அவருடைய மாமனார். மர்க்கர்செட் என்ற பெயர் உலகில் எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ, அங்கெல்லாம் அதைக் கொண்டுபோனது இந்தப் போட்டிதான். பெயரைக் கட்டிக்காக்க ஏற்பட்ட போட்டி!

தொடக்கமும் அப்படித்தான் இருந்திருக்கும்போல. மர்க்கர்செட் என்றால் வெயில் படாத மேய்ச்சல் நிலம் என்று லீட்ஸ் அம்மாள் சொல்லியிருந்தார். எதிரே வெயில் விழும் சரிவு அவ்வளவு இருக்கும்போது ஒரு மனிதன் இருட்டுப் பக்கம் போய்க் குடியேறுகிறான் என்றால், அவன் வைக்கிங் தலைவனோ இல்லையோ, அண்ணன் தம்பியோடு கோபித்துக்கொண்டவன் என்பதில் லோர்னாவுக்குச் சந்தேகம் இல்லை.

மைதானம் போகப்போவதை லோர்னா எடுத்துச் சொன்னதும் ட்ரெவர் ஆட வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. க்ளெமின் மகன் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? இருக்கிறாரா, சரி. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

க்ளெமின் மகன் வில்ஃப், வியாழன்களில் மூத்தவர், எழுபத்தெட்டு வயது. வியாழன் மாலை கடைக்கு வந்ததும் லோர்னா விஷயத்தைச் சொன்னாள்.

"மன்னிப்பா? எதுக்கு?" என்றார் வில்ஃப். "எங்கப்பா கூப்பிட்டது சரியான ரன்னு. ஆர்ச்சி ஓடுன ஓட்டம்தான் சரியில்ல. பொதிமாடு ஓடியிருக்கும் அந்த ரன்னை."

"நீங்க அப்பப் பொறக்கவே இல்லையே வில்ஃப்."

"பொறக்காட்டா என்ன? வீட்டுல தினம் சாப்பாட்டோட கேட்டதுதான்."

"ஒரு வார்த்தை. 'வருத்தமா இருக்கு'ன்னு. இல்லாட்டி மைதானம் போயிடும்."

"வருத்தமா இல்லையே கண்ணு. பட்டாணி மசியல் கொஞ்சம் தாராளமா வை."

பஸ்ஸில் நாம் யார் காலையாவது மிதித்தால், மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்கிற தேசம் இது. கதவிடம் கேட்பார்கள், நாற்காலியிடம் கேட்பார்கள், நாயிடம் கேட்பார்கள். தேவைப்படுகிற ஒரே ஒரு இடத்தில் சரக்கு இல்லை என்று கையை விரிப்பார்கள். மூன்று வியாழக்கிழமை லோர்னா கெஞ்சினாள். நாலாவது வியாழனன்று மசியலைக் குறைத்துப் பார்த்தாள். வில்ஃப் அசையவில்லை.

கடைசியில் அவள் கிரிம்ஸ்பிக்குப் போன் செய்து பொய் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டாரு ட்ரெவர். ஆட்டம் முடிஞ்சதும் நேர்லயே சொல்றாராம்."

"உங்க வாக்கா?"

"என் வாக்கு" என்றாள் லோர்னா. எண்ணெய் தெறித்ததுபோல் முகம் எரிந்தது.

சனிக்கிழமை பியர்ஸ் குறிப்பேட்டோடு எல்லைக் கயிற்றருகே வந்து நின்றான். மர்க்கர்செட்டுகள் முதலில் ஃபீல்டிங் செய்ய இறங்கினார்கள். வியாழன்களும் வெள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க மாட்டார்கள் என்பதால் ஸ்லிப்பில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு மாடு படுக்கிற இடைவெளி. ட்ரெவர் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "இதுல அவரு யாரு?" என்றார். லோர்னா காட்டினாள். வில்ஃப் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல என்றார்.

"பார்த்தீங்களா, பேசுறாரு" என்று லோர்னா ட்ரெவரைக் கயிற்றுக்கு உள்ளே தள்ளினாள். பியர்ஸ் எண்ணினான். நம்பாமல் மறுபடி எண்ணினான். பதினொன்று. முதல் பந்து விழுந்தது. மைதானம் இன்னொரு வருஷத்துக்குத் தப்பியது.

அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ட்ரெவர் பந்து வீச்சில் மிக் சொன்னதற்கு மேலே இருந்தார். மற்ற பேர் அணி நூற்றுப் பன்னிரண்டில் சுருண்டது. பிறகு மர்க்கர்செட்டுகள் ஆடினார்கள். லோர்னா தன் பங்குக்குக் கொஞ்சம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்பது விக்கெட் போய், ஜெயிக்க நாலே ரன் தேவைப்பட்டபோது, களத்தில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒரு முனையில் வில்ஃப். மறுமுனையில் ட்ரெவர்.

ட்ரெவர் முதல் பந்தைத் தட்டினார். பந்து ஆளில்லாத இடத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ரன் நடந்தே எடுக்கலாம். வில்ஃப் கூப்பிடவில்லை. ட்ரெவர் நகரவில்லை. அடுத்த ஓவரில் வில்ஃப் தட்டினார். ட்ரெவர் தரையில் காலை ஊன்றி, காரில் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டு நின்றார். இப்படியே ஓவர் ஓவராகப் போனது. சாராயக்கடைக்காரரான எதிரணிக் கேப்டன் இதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்கள் அத்தனை பேரையும் எல்லைக்கே அனுப்பிவிட்டார். வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விரித்து வைத்த விருந்து. இரண்டு மர்க்கர்செட்டுகளும் ஆளுக்கொரு முனையில் பேட்டைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையைப் பார்த்தார்கள்.

"ஓடுங்க!" என்று லோர்னா தொண்டை கிழியக் கத்தினாள். "யாராவது ஓடித் தொலைங்க!"

வெள்ளிக்கார டெரிக் பொறுக்க மாட்டாமல் எழுந்து, முப்பது வருஷ மௌனத்தை உடைத்து, "ஓடுய்யா கிழவா!" என்று வில்ஃபைப் பார்த்தே கத்திவிட்டார்.

வில்ஃப் திரும்பி லோர்னாவைப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லு, நான் அவன் சொன்னதக் கேக்கலன்னு."

தேவாலயத்தில் மணி ஏழு அடித்தது. ஆட்ட நேரம் முடிந்தது. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. வில்ஃப் பின்புற வேலியைத் தாண்டி, அந்த வயதில் யாரும் எதிர்பார்க்காத சுறுசுறுப்போடு, மேட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார். அந்த ஓட்டத்தில் பாதியைக் களத்தில் காட்டியிருந்தால் போதும்.

ட்ரெவர் பேடைக் கழற்றி லோர்னா கையில் கொடுத்தார். "எங்க அவரு?"

"கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றாள் லோர்னா. "அனுப்பி வைக்கிறேன். கட்டாயம்."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க. எனக்குக் கடன்பட்டவரு இப்ப அவரு இல்ல. நீங்கதான்."

அது நியாயம்தான் என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். வில்ஃப் பெயரில் தானே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். ஒரு பொய்க்கே இந்தப் பாடு என்று விட்டுவிட்டாள். மசியலை அடியோடு நிறுத்திப் பார்த்தாள். வில்ஃப் வீட்டிலிருந்தே டப்பாவில் பட்டாணி கொண்டுவர ஆரம்பித்தார்.

பனி பெய்யத் தொடங்கிய பிறகு ஒருநாள் கிரிம்ஸ்பியிலிருந்து போன் வந்தது. ட்ரெவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அடுத்த ஆகஸ்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தயாராக இருக்கும் மனிதரின் நிதானம்.

"லோர்னா, அந்த மன்னிப்பு இன்னும் வந்து சேரல."

"வந்துக்கிட்டே இருக்கு ட்ரெவர்."

"எந்த வழியா?"

லோர்னா ஜன்னல் வழியே மேட்டுப் பண்ணையைப் பார்த்தாள். புகைபோக்கியிலிருந்து புகை நேராக, பிடிவாதமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

"வழியில ரோடு வேலை நடக்குதாம்" என்றாள்.