காக்கிக் கூடாரத்துக்குள் அக்கா

கூடாரத்துக்குள் நுழைந்தவர்கள் நேராகப் பர்மாவுக்குப் போய்விடுவார்கள் என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். போன வாரம் பெரம்பலூரில் கண் சிகிச்சை முகாமுக்குப் போட்டிருந்த கூடாரத்தில் நனைந்த கித்தான் வாசனை அடித்ததும், இந்த வயதிலும் கால் உள்ளே போக மறுத்தது.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. யுத்த காலத்தில், அரியலூர் ஸ்டேஷன் அருகே பட்டாளத்துக்கு ஆள் எடுத்த காக்கிக் கூடாரத்துக்குள் அவர் நுழைந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் பர்மாவில் இருப்பதாகச் சேதி வந்தது. யுத்தம் முடிந்து திரும்பியவர், ஏலத்தில் விட்ட பட்டாளக் கூடாரம் ஒன்றை வாங்கி வந்தார். ஐப்பசி மழைக்குக் கீற்றுப் பந்தல் தாங்காது என்று, அக்கா கல்யாணத்துக்கு அதையே வாசலில் அடித்தார்.

பட்டுப் புடவையோடு அக்கா அதற்குள் காலெடுத்து வைக்கும்போது, அவள் காலைக் கட்டிக்கொண்டு அலறினேன்.

"அக்காவ உள்ள வுடாதீங்க! பர்மாவுக்கு அனுப்பிடுவாங்க!"

"இவ வாய்க்கு பர்மாக்காரனே திருப்பி அனுப்பிடுவான்டா," என்றார் சித்தப்பா. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். "நீயும் வாடா. போனா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

தாலி ஏறும்வரை அவள் புடவையைப் பிடித்தபடி கூடாரக் கம்பத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் சித்தப்பா கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டினார். அதற்குள் போன யாரும் பர்மாவுக்குப் போகவில்லை. அக்கா மாப்பிள்ளையோடு திருமானூருக்குப் போய்விட்டாள்.